ஜப்பானில் ஒரு ராமென்: வரிசையா, முன்பதிவா, சங்கிலிக் கடையா?

ராமென் என்பது சூடான சூப்பில் வரும் ஜப்பானிய நூடுல்ஸ். ஜப்பான் பயணத்துக்குத் தயாராகும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எந்த ராமென் கடை நல்ல கடை?" இதற்குக் கடைப் பெயரைச் சொல்வதற்கு முன் நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும். எத்தனை பேர் போகிறீர்கள், எதைச் சாப்பிட மாட்டீர்கள், கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, அன்றைக்குப் பெட்டியோடு அலைகிறீர்களா? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் கடை தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் இணையத்தில் புகழ்பெற்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு மணி நேரம் நின்று உள்ளே போனபிறகு, குழந்தையை உட்கார வைக்க இடமில்லை என்றோ, சூப் முழுக்கப் பன்றி எலும்பு என்றோ தெரியவரும்.

வெளியூர்க்காரருக்கு இருக்கும் வழிகள் ஐந்து: வாசலில் வரிசை நிற்கும் சின்னக் கடை, முன்பதிவோ நேரச்சீட்டோ தரும் கடை, இச்சிரான் போல ஒரே பெயரில் பல கிளைகள் உள்ள சங்கிலிக் கடை, ரயில் நிலையங்களில் பல கடைகள் ஒன்றாக இருக்கும் ராமென் தெரு, ஃபுகுவோகாவின் யாதாய் தள்ளுவண்டிக் கடை. ஒவ்வொன்றும் யாருக்குச் சரிவரும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

முதலில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு

நம்மவர்களில் பலருக்கு மற்ற எதையும்விட இதுதான் முடிவைத் தீர்மானிக்கும். ராமெனில் சுவை இருப்பது மேலே வைக்கும் இறைச்சித் துண்டில் அல்ல, சூப்பில். டோன்கொட்சு என்பது பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு எடுத்த சாறு. ஷோயு, ஷியோ, மிசோ என்று பெயர்ப்பலகையில் இருந்தால், அது சேர்க்கும் சுவையூட்டியைத்தான் குறிக்கும். சோயா சாஸா, உப்பா, புளித்த சோயா விழுதா என்று மட்டும் அதில் தெரியும். அடிச்சாறு கோழி, பன்றி, உலர்மீன், கடற்பாசி என எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இவற்றின் கலவைதான். "மிசோ ராமென் சைவம்தானே" என்று நம்பி வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. சாஷு எனப்படும் பன்றித் துண்டை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். ஆனால் சூப்பை மாற்ற முடியாது. காலையிலேயே ஒரே அண்டாவில் காய்ச்சி முடித்த சாறு அது. கடைக்காரர் மறுத்தால் அதில் முரட்டுத்தனம் எதுவும் இல்லை.

சைவர்களுக்கு நிச்சயமான இடம் டோக்கியோ ரயில் நிலையத்தில் உள்ள டீஸ் டான்டான். முட்டை, பால், மீன் எதுவும் சேராத கடை. எள் விழுது சேர்த்த டான்டான் நூடுல்ஸ் அங்கே பிரதானம். ஒன்றை மறக்க வேண்டாம்: கடை டிக்கெட் கேட்டுக்கு உள்ளே, கெய்யோ ஸ்ட்ரீட் பகுதியில் இருக்கிறது. ரயில் ஏறும்போதோ இறங்கும்போதோ சாப்பிடும்படி திட்டமிடுங்கள். சாப்பிடுவதற்கு மட்டும் போவதென்றால் இரண்டு மணி நேரம் செல்லுபடியாகும் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். யூசு எலுமிச்சை மணம் கொண்ட ஷியோ ராமெனுக்குப் பேர்போன அஃபுரியிலும் வீகன் ராமென் உண்டு. ஆனால் மற்ற ராமென்களும் அதே சமையலறையில்தான் தயாராகின்றன. பாத்திரம் வேறாக இருக்க வேண்டும் என்பவர்கள் டீஸ் டான்டானுக்கே போகலாம்.

ஹலால் வேண்டுவோருக்கு அசாகுசாவில் நரிதாயா இருக்கிறது. மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்குச் சிக்கல் குறைவு, ஏனென்றால் ராமெனில் மாடு அபூர்வம். தொத்தோரி மாவட்டத்தின் மாட்டெலும்பு ராமென் போன்ற விதிவிலக்குகள் உண்டு. சுவையூட்டியில் மாட்டுச் சாறு கலந்திருக்கவும் வாய்ப்பிருக்கிறது. அதனால் கண்டிப்பானவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. பன்றி வேண்டாம், கோழி போதும் என்பவர்கள் தோரி பைதான் எனப்படும் வெண்ணிறக் கோழிச்சாறு ராமெனைத் தேடலாம். அதிலும் மேலே வைக்கும் துண்டு பன்றியாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

வரிசைக் கடை

தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர், எல்லாம் சாப்பிடுபவர், அரைநாளில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் என்றால் தயங்காமல் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ராமெனின் உண்மையான உயரம் இந்தச் சின்னக் கடைகளில்தான் இருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு ஸ்டூல், ஒரு கவுன்டர், இரண்டு மூன்று ஆட்கள். உரிமையாளரே நூடுல்ஸை வடிகட்டி உதறுவதை முகத்துக்கு எதிரே பார்க்கலாம்.

வரிசையின் நீளத்தைப் பார்த்து மலைக்காமல் கணக்குப் போடுங்கள். பத்து இருக்கை, ஒருவர் சாப்பிட்டு எழ இருபது நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் முப்பது பேர் சாப்பிடுவார்கள். உங்களுக்கு முன்னால் 25 பேர் இருந்தால் சுமார் 50 நிமிடம். இந்தக் கணக்கு நூடுல்ஸின் தடிமனுக்கேற்ப மாறும். ஃபுகுவோகா பாணி நூடுல்ஸ் இடியாப்ப இழைபோல மெல்லியது, ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். வாடிக்கையாளரும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவார். தனிக் கிண்ணத்தில் உள்ள கெட்டிச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடும் சுகேமென் நூடுல்ஸ் தடித்தது. வேகவே ஏழெட்டு நிமிடத்துக்கு மேலாகும். அதனால்தான் பல சுகேமென் கடைகளில் நீங்கள் வரிசையில் நிற்கும்போதே, கடை மெஷினில் எடுத்த உணவு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய் நூடுல்ஸைப் போட்டுவிடுகிறார்கள். டிக்கெட்டைக் கொடுத்தபிறகு மனம் மாறி வேறு அளவு கேட்டால் சிரமம்தான்.

திறக்கும் நேரத்தில் போகிறவர்கள் முதல் பந்தியின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து இருக்கைக் கடை 11 மணிக்குத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் பத்தாவது ஆள் 11 மணிக்கே உட்காருவார். பதினோராவது ஆள், முதல் பந்தியில் யாராவது எழும்வரை, இன்னும் இருபது நிமிடம் போல நிற்க வேண்டும். ஆகவே 10.20க்கு வந்து பத்தாவதாக நிற்பவரும் 10.40க்கு வந்து பதினொன்றாவதாக நிற்பவரும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம்தான் காத்திருப்பார்கள். முன்னவர் சீக்கிரம் சாப்பிட்டு முடிப்பார். முதல் பந்தியில் இடம் கிடைக்கும் என்றால் மட்டும் சீக்கிரம் போவதில் பலன் உண்டு. இல்லையென்றால் மதிய நெரிசல் அடங்கும் 1.30க்குப் பிறகு போகலாம். ஆனால் சூப் தீர்ந்துவிட்டால் அறிவித்த நேரத்துக்கு முன்பே கடையை மூடிவிடுவார்கள். இரண்டு மணிக்குப் போய் மூடிய கதவைப் பார்ப்பது சாதாரணம். மாலையிலும் திறக்கும் கடையென்றால் ஐந்து, ஆறு மணிக்கு இரண்டாவது வாய்ப்பு.

போவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, வார விடுமுறை. ராமென் கடைகள் பெரும்பாலும் வாரநாளில்தான் விடுமுறை விடும். ஞாயிறு திறந்திருக்கும், திங்களோ புதனோ மூடியிருக்கும். ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வழிபடும் ஓபோன் நாட்களிலும், டிசம்பர் 31 முதல் ஜனவரி 3 வரையிலும் பல கடைகள் திறப்பதில்லை. இரண்டு, அன்றைய அறிவிப்பு. திடீர் விடுமுறையைக் கடைகள் எக்ஸ் தளத்தில்தான் போடுகின்றன. கூகுள் மேப்பில் "திறந்துள்ளது" என்றே காட்டிக்கொண்டிருக்கும். கடையின் தரத்தைப் பார்க்க உள்ளூர்க்காரர்கள் நம்புவது தாபெலோக் தளத்தை. அங்கே மதிப்பெண் போடுவதில் கஞ்சத்தனம் அதிகம். ராமென் கடைக்கு 3.5 என்றால் நல்ல கடை, 3.7க்கு மேல் என்றால் வரிசை நிச்சயம். கூகுளில் 4.5 பார்த்துப் பழகிய கண்ணுக்கு 3.6 குறைவாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

வரிசைக்கும் முறை இருக்கிறது. முதலில் டிக்கெட் எடுத்துவிட்டு நிற்பதா, நின்றுவிட்டு அழைத்தபின் எடுப்பதா என்பது கடைக்குக் கடை மாறும். வாசலில் எழுதியிருக்கும், படிக்க முடியாவிட்டால் கடைசியில் நிற்பவரின் கையில் சின்னச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் குழுவில் எல்லோரும் வரிசையில் இருக்க வேண்டும். ஒருவர் இடம்பிடித்து நான்கு பேர் பின்னால் வந்து சேர்வது அங்கே மிகவும் மோசமான பழக்கம். சில கடைகள் கடைசிக்குப் போகச் சொல்லிவிடும். பக்கத்துக் கடை வாசலை மறைக்கக் கூடாது என்பதற்காக வரிசையை வெட்டி மீதியைச் சாலைக்கு எதிர்ப்புறம் நிறுத்துவார்கள். ஷின்ஜுகு பக்கம் உள்ள ஃபூன்ஜி சுகேமென் கடை இதற்குப் பிரபலம். உள்ளே சாப்பிடுபவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிசை, எதிர்ப்புறம் பூங்கா ஓரம் மீதி வரிசை. வாசலில் ஆளில்லை என்று நேரே உள்ளே நுழைந்தால், எதிர்ப்புறம் நிற்கும் இருபது பேரைத் தாண்டிப் போனதாகிவிடும்.

டிக்கெட் மெஷினில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பணத்தை முதலில் போட வேண்டும். பிறகுதான் பொத்தான்களில் விளக்கு எரியும். எதை அழுத்துவது என்று தெரியாவிட்டால் இடது மேல் மூலையில் உள்ள பொத்தான். பெரும்பாலும் கடையின் பெயர்பெற்ற உணவு அங்கேதான் இருக்கும். சீட்டு விழுந்ததும் மீதிச் சில்லறை தானாக வராவிட்டால், சில்லறை தரும் பிடியைத் திருப்ப வேண்டும். அதை விட்டுவிட்டு உட்காருபவர்கள் நிறைய. பழைய மெஷின்கள் நோட்டுகளில் 1000 யென்னை மட்டுமே எடுக்கும். 1, 5 யென் நாணயங்களை எடுக்காது. 2024 ஜூலை 3 முதல் புதிய நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. 2021இல் புதிய 500 யென் நாணயம் வந்தது. மெஷினை மாற்றாத சின்னக் கடைகளில் புதியது செல்லாமல் திரும்பி வரும். அப்படி வந்தால் கடைக்காரரிடம் நீட்டுங்கள், பழைய நோட்டாக மாற்றித் தருவார். ஆளுக்கு இரண்டு 1000 யென் நோட்டு தனியாக வைத்திருந்தால் போதும்; ஒரு கிண்ணம் ஆயிரம் யென்னை ஒட்டியே இருக்கும், கூடுதல் முட்டை, சாஷு சேர்த்தால் 1300, 1500 ஆகும். டிக்கெட் எடுப்பதற்குள் பின்னால் ஆள் சேர்ந்துவிட்டால், விலகி நின்று அவரை முதலில் போகவிடுங்கள். அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

உட்கார்ந்தபிறகு வேலை எளிது. சீட்டைக் கவுன்டரின் உயரமான மேடையில் வைக்க வேண்டும். தண்ணீர் நீங்களே எடுத்துக்கொள்வது. ஆளுக்கு ஒரு கிண்ணம் கட்டாயம். இரண்டு பேர் ஒன்றைப் பகிர முடியாது. கிண்ணத்தைப் படம் எடுக்கலாம், சமைப்பவரையோ பக்கத்தில் இருப்பவரையோ எடுக்கக் கூடாது. படமெடுத்து முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். மெல்லிய நூடுல்ஸ் சூப்பில் ஊறிக் குழைந்துவிடும். சமைத்தவரின் உழைப்பு அந்த முதல் சில நிமிடங்களுக்காகத்தான். சுகேமென் என்றால் கடைசியில் மிஞ்சும் கெட்டிச் சாற்றில் சூப்-வாரி எனப்படும் இளஞ்சூப்பை ஊற்றிக் குடிக்கலாம், கேட்டால் தருவார்கள். முடித்ததும் கிண்ணத்தை மேடையில் தூக்கி வைத்து, முன்னால் துணி இருந்தால் கவுன்டரைத் துடைத்து, "கோச்சிசோசமா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். டிப்ஸ் கிடையாது. உட்கார்ந்து அரட்டை அடிப்பது, வெளியே நிற்கும் முப்பது பேரின் நேரத்தை எடுத்துக்கொள்வது.

இந்த வகையிலேயே ராமென் ஜிரோ ஒரு தனிக் கட்சி. 1968இல் தொடங்கி, இன்று டோக்கியோவின் மிதாவில் தலைமைக் கடையோடு பல கிளைகளாக இருக்கிறது. முதல் ராமெனாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். "சின்னது" என்று பொருள்படும் ஷோ அளவிலேயே சுமார் 300 கிராம் நூடுல்ஸ். அதன்மேல் முட்டைக்கோஸ், முளைப்பயறு குவியல், தடித்த பன்றித் துண்டுகள், கொழுப்பு. கிண்ணம் வருவதற்குச் சற்று முன் "நின்னிக்கு இரேமாசுகா?" என்று கேட்பார்கள். பூண்டு வேண்டுமா என்று கேட்பதுபோல இருந்தாலும், காய், கொழுப்பு, சுவையூட்டியின் உப்பு அளவு எல்லாவற்றையும் அந்த நொடியில் சொல்லிவிட வேண்டும். எதுவும் கூட வேண்டாம் என்றால் "சோனோமாமா". நூடுல்ஸைக் குறைக்கச் சீட்டு கொடுக்கும்போதே "மென் சுகுனாமே" என்று சொல்லிவிடுங்கள். அங்கே ஐந்தாறு கிண்ணங்களை ஒரே தொகுதியாகப் போடுவார்கள். ஒருவர் பாதிச் சாப்பாட்டில் திணறினால் அடுத்த தொகுதி முழுக்கத் தாமதமாகும். நிறைய மிச்சம் வைப்பதும் அங்கே முகம் சுளிக்க வைக்கும்.

முன்பதிவும் நேரச்சீட்டும்

நிற்க முடியாதவர்களுக்கும், ஒரு குறிப்பிட்ட கடைக்காகவே பயணத்தை வகுப்பவர்களுக்கும் இது. டோக்கியோவின் ஸுகாமோவில் இருந்தபோது, மிஷெலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற முதல் ராமென் கடையான ட்சுதா, காலையிலேயே 1000 யென் முன்பணம் வாங்கி நேரச்சீட்டு கொடுத்தது. குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். இன்று பல கடைகளில் அதே வேலையை இணையம் செய்கிறது. கனகவா மாவட்டம் யுகவாராவில் உள்ள ஈதா ஷோதென் ஆன்லைன் முன்பதிவில் இயங்கும் கடை. டோக்கியோவிலிருந்து சாதாரண ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெந்நீர் ஊற்றுக் குளியலையும் சேர்த்து ஒரு நாள் பயணமாக்கினால்தான் அந்த ரயில் செலவு நியாயமாகும். டோக்கியோவில் சில புகழ்பெற்ற கடைகள் டேபிள்செக் என்ற முன்பதிவுத் தளம் வழியாகச் சில நூறு யென் கூடுதலாக வாங்கிக்கொண்டு முன்னுரிமைச் சீட்டு தருகின்றன. பயணத்தில் ஒரு மணி நேரத்தின் மதிப்பை நினைத்தால் அந்த நூறுகளைக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் ரயில் தவறிப் பத்து நிமிடம் தாமதமானால் இடம் போய்விடும், கட்டணமும் திரும்பாது. ஊரை இன்னும் பழகாத முதல் நாளில் முன்பதிவு செய்யாதீர்கள்.

இச்சிரான்

ராமென் தெரிந்தவர்கள் சிலர் இச்சிரானைச் சுற்றுலாக்காரர் கடை என்று ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல. 1960இல் ஃபுகுவோகாவில் தொடங்கிய கடை. டோன்கொட்சு ஒன்றை மட்டுமே செய்து அதைச் சீராகத் தருகிறது. பல கிளைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கும். முதல்முறை வருபவருக்கு இதைவிடப் பயமில்லாத இடம் கிடையாது: மெஷினில் சீட்டு, காலி இருக்கையைக் காட்டும் விளக்குப் பலகை, இருபுறமும் தடுப்பு வைத்த தனி இருக்கை, ஏழு கேள்விகள் கொண்ட தாள். சுவை அழுத்தம், கொழுப்பு, பூண்டு, வெங்காயத்தாள், சாஷு, சிவப்பு மிளகாய்ச் சாறு, நூடுல்ஸின் உறுதி. ஆங்கிலத் தாளும் உண்டு. நம் காரம் பழகியவர்கள் சிவப்புச் சாற்றை வழக்கமான அளவைப்போல நாலைந்து மடங்கு கேட்கலாம். பத்துக்குப் போனால் பன்றிச்சாற்றின் இனிப்பு மறைந்துவிடும். நூடுல்ஸை உறுதியாகக் கேளுங்கள். சூப் மிஞ்சினால் காயெதாமா என்று கூடுதல் நூடுல்ஸ் வாங்கலாம். அதற்காகச் சூப்பை முன்கூட்டியே குடித்துத் தீர்த்துவிடக் கூடாது.

குறை ஒன்று இருக்கிறது. ஷிபுயா, ஷின்ஜுகு, ஒசாகாவின் டோட்டோன்போரி போன்ற இடங்களில் இரவு ஏழு மணிக்கு இங்கேயும் ஒரு மணி நேர வரிசை நிற்கும். அந்த ஒரு மணி நேரத்தை இச்சிரானில் செலவழிக்காதீர்கள். அதே நேரத்துக்கு வரிசைக் கடையில் இதைவிட நல்ல ராமென் கிடைக்கும். இச்சிரானுக்குப் போவதென்றால் காலை எட்டு மணி அல்லது இரவு பதினொன்றுக்கு மேல்.

ராமென் தெருக்கள்

குழந்தைகள், வயதானவர்கள், நான்கு பேருக்கு மேல் என்றால் இங்கே வாருங்கள். டோக்கியோ நிலையத்தின் யாயெசு பக்கம், அடித்தளத்தில், டிக்கெட் கேட்டுக்கு வெளியே உள்ள டோக்கியோ ராமென் ஸ்ட்ரீட்டில் எட்டுக் கடைகள். ரோகுரின்ஷாவின் சுகேமென் வரிசைதான் நீளம். ஆனால் காலை 7.30க்கே திறந்து காலைநேரச் சுகேமென் தருகிறார்கள், அப்போது கூட்டம் குறைவு. கியோத்தோ நிலையத்தின் பத்தாவது மாடியிலும் இதுபோல ஒரு தெரு உண்டு. சப்போரோ போகிறவர்களுக்கு நியூ சித்தோசே விமான நிலையத்தின் ராமென் தோஜோ என்ற கடைத்தொகுதி பெரிய உதவி. இறால் சாறு ராமெனுக்குப் பெயர்பெற்ற இச்சிகென் அங்கே இருக்கிறது. திரும்பும் விமானத்துக்கு முன் அங்கே சாப்பிட, பாதுகாப்புச் சோதனைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் பல ஊர்ச் சுவை பார்க்க விரும்பினால் ஷின்-யோகோஹாமா ராமென் அருங்காட்சியகம். 1994இல் திறந்தது, உள்ளே 1958ஆம் ஆண்டின் தெருவை அப்படியே கட்டியிருக்கிறார்கள், இன்ஸ்டன்ட் ராமென் பிறந்த ஆண்டு அது. கடைகளில் மினி அளவு கிடைப்பதால் ஒருவர் இரண்டு மூன்று வகை சாப்பிட முடியும். பெரியவர்கள் ஒவ்வொரு கடையிலும் ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்ற விதி உண்டு. நால்வராகப் போய் ஒரு மினியைப் பகிரத் திட்டமிடாதீர்கள். ஒகோனோமியாகி என்ற அடை, தகோயாகி என்ற ஆக்டோபஸ் உருண்டைபோல ஒன்றை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும் உணவல்ல ராமென்.

யாதாய்

ஃபுகுவோகாவின் நகாசு, தென்ஜின் பகுதிகளில் மாலையில் முளைக்கும் தள்ளுவண்டிக் கடைகளின் பெருமை சூழலில்தான் இருக்கிறது. பத்து இருக்கையில் பக்கத்தில் இருப்பவர் தோளில் இடித்தபடி சாப்பிட வேண்டும். பலத்த மழை, காற்று என்றால் கடையே இருக்காது. கழிப்பறை கிடையாது. விலைப்பட்டியல் பார்த்துவிட்டு உட்காருங்கள். ராமென் மட்டும் வேண்டும் என்றால், அதே ஊரில் உள்ள கட்டடக் கடைகளில் இதைவிட மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும்.

பெட்டியோடு போகிற நாளில் வரிசைக் கடையும் யாதாயும் இரண்டுமே வேண்டாம். ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு ஆள் நடக்கத்தான் இடமிருக்கும். நிலையத்தின் காயின் லாக்கரில் பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள், காலை பத்துக்கு மேல் பெரிய லாக்கர்கள் நிரம்பிவிடும். எந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தாலும் நடந்துபோகும் தூரத்தில் இன்னொரு கடையையும் மேப்பில் குறித்து வையுங்கள். வரிசையின் கடைசியில் "சூப் முடிந்தது" என்ற பலகையோடு ஊழியர் வந்து நிற்கும்போது, அடுத்து எங்கே என்று அங்கேயே நின்று தேட வேண்டியிருக்காது.